முற்று முன்னே, எச்சம் பின்னே: ஆங்கில வினைக்குழுவை எம்மவர் விளங்கிக்கொள்ள ஒரு வழி

சில மாதங்களுக்கு முன் வடமேற்கு இலண்டனில் வசிக்கும் எமது உறவுக்கார அம்மா ஒருவர் வயிற்று நோவுடன் வைத்தியரிடம் போனார். பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள், கூடப் போக எவரும் இல்லை. "மூண்டு நாளாய் வயிறு நோகுது" என்பதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஐ ஹாட் பெயின், த்ரீ டேய்ஸ்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவருக்கோ, நோ மூன்று நாள் இருந்து பிறகு போய்விட்டது என்றுதான் விளங்கியது. "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டார். எங்கள் அம்மாவும் மரியாதைக்கு "யேஸ், தாங்க் யூ" என்றார். நோ மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு மகள் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வந்தது.

அவர் இப்போது சுகமாக இருக்கிறார். ஆனால் அன்று தவறியது ஒரேயொரு சிறிய சொல். "ஐ ஹாவ் ஹாட் பெயின் ஃபோர் த்ரீ டேய்ஸ்" என்று சொல்லியிருந்தால், நோ இன்னமும் இருக்கிறது என்பது கேட்டவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தச் சிறு சொற்களைப் பற்றியதே இக்கட்டுரை. எம்மில் பலருக்கு ஆங்கிலச் சொற்கள் போதியளவு தெரியும். இடறுவது வினைச்சொல்லுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஹாவ், ஹாட், பீன், வோஸ், வுட், மஸ்ட் போன்றவற்றில்தான். வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் பிள்ளையின் பாடசாலையிலும் நாம் சொல்வது எப்போது நடந்தது, முடிந்ததா, இன்னும் தொடர்கிறதா, கட்டாயமா, விருப்பமா என்பதை எல்லாம் இவையே தீர்மானிக்கின்றன.

வினைக்குழு என்றால் என்ன?

ஒரு முதன்மை வினையும் அதற்குத் துணையாக நிற்கும் சொற்களும் சேர்ந்ததே வினைக்குழு. "ஷி ஹாஸ் கோன்" என்பதில் "ஹாஸ் கோன்" ஒரு வினைக்குழு. "கோன்" முதன்மை வினை, "ஹாஸ்" துணைவினை. துணை எதுவும் இல்லாமல் "ஷி வென்ட்" என்றாலும் அது ஒரு சொல்லால் ஆன வினைக்குழுதான்.

ஆங்கிலேயர் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்பதை உள்ளபடியே திரட்டி ஆராயும் பெரிய முயற்சி ஒன்று இதே இலண்டனில்தான் நடந்தது. ரன்டொல்ஃப் குவேர்க் என்ற பேராசிரியர் 1959 இல் தொடங்கிய "சேர்வே ஒஃப் இங்கிலிஷ் யூசேஜ்" என்னும் திட்டம், 1960 முதல் புளூம்ஸ்பரியில் உள்ள யுனிவேர்சிற்றி கொலிஜ் லண்டனில் இயங்கியது. பேச்சிலும் எழுத்திலுமாக, ஒவ்வொன்றும் 5,000 சொற்கள் கொண்ட 200 மாதிரிகளை, அதாவது மொத்தம் பத்து இலட்சம் சொற்களைத் திரட்டினார்கள். அந்த ஆய்வையும் துணையாகக் கொண்டு குவேர்க்கும் மூன்று அறிஞர்களும் எழுதி 1985 இல் வெளிவந்த ஆங்கில இலக்கண நூல் ஏறத்தாழ 1,800 பக்கங்கள் கொண்டது. இன்றும் பலர் சான்றாக எடுப்பது அதனைத்தான். வினைக்குழுவின் ஒழுங்கு அதில் மிக விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அடிப்படை ஒழுங்கு ஒரு பக்கத்தில் அடங்கக்கூடியது. அதைவிட முக்கியம், தமிழ் தெரிந்த எமக்கு அது புதிதே அல்ல.

கண்ணாடியில் தெரியும் தமிழ்

பள்ளிக்கூடத்தில் படித்த வினைமுற்று, வினையெச்சம் என்ற இரண்டையும் ஒருமுறை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். "வந்து" என்றால் வசனம் முடியவில்லை, இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது. அது எச்சம். "வந்தான்" என்றால் முடிந்துவிட்டது. அது முற்று. காலமும், யார் செய்தது என்பதும் முற்றிலே தெரியும்.

"கைதுசெய்யப்பட்டிருந்தார்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கைதுசெய்ய, பட்டு, இருந்தார். முதல் இரண்டும் எச்சம், கடைசியில் நிற்பது முற்று. இதை ஆங்கிலத்தில் "ஹாட் பீன் அரெஸ்டட்" என்பார்கள். "ஹாட்" என்பது எங்கள் "இருந்தார்". "பீன்" என்பது "பட்டு". "அரெஸ்டட்" என்பது "கைதுசெய்ய". அதே மூன்று துண்டுகள், அதே வேலை, வரிசை மட்டும் தலைகீழ்.

இன்னும் சில:

"போயிருக்கிறார்" என்பது போய், இருக்கிறார். ஆங்கிலத்தில் ஹாஸ், கோன்.

"போய்க்கொண்டிருந்தார்" என்பது போய்க்கொண்டு, இருந்தார். ஆங்கிலத்தில் வோஸ், கோயிங்.

"போயிருக்க வேண்டும்" என்பது போய், இருக்க, வேண்டும். ஆங்கிலத்தில் மஸ்ட், ஹாவ், கோன்.

"கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்" என்பது கொடுக்க, பட்டு, இருக்க, வேண்டும். ஆங்கிலத்தில் மஸ்ட், ஹாவ், பீன், கிவின்.

தமிழில் எச்சங்கள் முன்னே வந்து முற்று இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் முற்று முன்னே நிற்கும், எச்சங்கள் பின்னே வரும். இந்த ஒன்றை மனதில் இருத்தினால் ஆங்கில வினைக்குழுவின் பெரும்பகுதி தானாகவே பிடிபடும்.

நான்கு துணைகள், ஒரே வரிசை

முதன்மை வினைக்கு முன்னால் அதிகம் போனால் நான்கு துணைகள் நிற்கலாம். அவற்றின் வரிசை ஒருபோதும் மாறாது. ஒவ்வொரு துணையும் தனக்கு அடுத்து வரும் சொல்லின் உருவத்தைத் தீர்மானிக்கும்.

முதலாவது இடம், கான், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பதில் ஒன்றுக்கு உரியது. இயலுமா, கூடுமா, வேண்டுமா என்பதை இவை சொல்லும். அடுத்து வரும் வினை எந்த மாற்றமும் இன்றி வெறுமையாக நிற்கும். ஆகவே "ஷி மஸ்ட் கோ" என்பதே சரி. "ஷி மஸ்ட் கோஸ்" என்பதும் "ஷி மஸ்ட் வென்ட்" என்பதும் பிழை.

இரண்டாவது இடம் "ஹாவ்" இனத்துக்கு உரியது. இதற்கு அடுத்து வருவது வினையின் மூன்றாவது உருவம். ஊரில் "கோ, வென்ட், கோன்" என்று மூன்று நிரையாகப் பாடமாக்கினோமே, அந்த மூன்றாவது நிரை. அதைப் பாடமாக்கிய எமக்கு எங்கே பாவிப்பது என்று பலர் சொல்லித் தரவில்லை. மூன்றாவது நிரை ஓர் எச்சம். முன்னால் ஒரு துணை இல்லாமல் அது தனியே நின்று வசனத்தை முடிக்காது. இலண்டன் தெருவில் "ஐ டன் இட்", "ஐ சீன் இட்" என்று இங்கு பிறந்தவர்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் அது போகட்டும், கடிதத்திலும் வாக்குமூலத்திலும் எழுதக்கூடாது.

மூன்றாவது இடம், தொடர்ந்து நடப்பதைச் சொல்லும் "பி" இனம், அதாவது ஆம், இஸ், ஆர், வோஸ், வேர், பீன். அடுத்து வருவது "இங்" என்று முடியும் வினை. இது எங்கள் "கொண்டிரு".

நான்காவது இடமும் "பி" இனத்துக்கே உரியது, ஆனால் வேலை வேறு. அடுத்து மூன்றாவது உருவம் வந்தால், அது செயப்பாட்டுவினை. இது எங்கள் "படு". "ஹி வோஸ் பீட்டிங்" என்றால் அவர் அடித்துக்கொண்டிருந்தார். "ஹி வோஸ் பீட்டன்" என்றால் அவர் அடிக்கப்பட்டார். அடித்தவரும் அடிவாங்கியவரும் இடம் மாறுவது அந்த ஒரு விகுதியில்தான். சித்திரவதையைப் பற்றிய வாக்குமூலம் ஒன்றில் இந்தப் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

நான்கும் ஒன்றாக வருவது அரிது. ஒன்றோ இரண்டோதான் வழக்கமாக வரும். எத்தனை வந்தாலும் முதலில் நிற்பதே முற்று, காலத்தைக் காட்டுவது அது மட்டுமே.

கேள்வியும் மறுப்பும்

மறுக்கும்போது "நொட்" அந்த முதற்சொல்லுக்குப் பின்னே வரும். "ஷி ஹாஸ் நொட் கோன்." கேட்கும்போது அந்த முதற்சொல் ஆளுக்கு முன்னால் போகும். "ஹாஸ் ஷி கோன்?" எத்தனை துணைகள் இருந்தாலும் அசைவது முதற்சொல் ஒன்றுதான்.

துணையே இல்லாத "ஷி வென்ட்" என்பதைக் கேள்வியாக்குவது எப்படி? அசைக்க ஒரு துணை வேண்டும் என்பதற்காக ஆங்கிலம் "டூ" என்ற சொல்லைக் கடன் கொடுக்கிறது. "டிட் ஷி கோ?" இறந்தகாலத்தை "டிட்" சுமந்துவிட்டதால் "கோ" வெறுமையாகிவிடுகிறது. எம்மவர் அடிக்கடி சொல்லும் "டிட் யூ வென்ட்?" என்பதில் காலம் இரண்டு தடவை வந்துவிடுகிறது. நாம் "போனேன் இல்லை" என்று சொல்வதில்லை, "போகவில்லை" என்கிறோம் அல்லவா? அதே கதைதான்.

வசனத்தின் முடிவில் "தானே?", "இல்லையா?" என்று கேட்க விரும்பினாலும் ஆங்கிலம் அந்த முதற்சொல்லையே திரும்பக் கேட்கும். "ஷி ஹாஸ் கோன், ஹாஸன்ட் ஷி?" "யூ கான் கம், கான்ட் யூ?" எம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "இன்னிட்?" என்று முடிப்பதைக் கேட்டுச் சினப்படுகிறோம். எந்த வசனத்துக்கும் மாறாமல் பொருந்தும் எங்கள் "இல்லையா" செய்யும் வேலையைத்தான் அந்தச் சொல்லும் செய்கிறது. வீட்டில் பேசட்டும், பரீட்சையில் எழுதாமல் இருந்தால் சரி.

சுருக்கங்களைக் கேட்கும்போது ஒரு குறிப்பு. "ஐ ஹாட்" என்பதும் "ஐ வுட்" என்பதும் வேகமான பேச்சில் "ஐட்" என்றே கேட்கும். அடுத்த சொல்லைக் கவனியுங்கள். "ஐட் கோன்" என்றால் "ஹாட்". "ஐட் கோ" என்றால் "வுட்". அதேபோல "ஷுட் ஹாவ்" என்பது "ஷுடவ்" என்று கேட்பதால் இங்கு பிறந்தவர்களிலும் பலர் "ஷுட் ஒஃப்" என்று பிழையாக எழுதுகிறார்கள். ஆகவே பிழை விடுபவர்கள் நாம் மட்டுமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

உருவம் ஒன்று, பாவனை வேறு: நாம் இடறும் நான்கு இடங்கள்

கண்ணாடி எல்லா இடத்திலும் உதவாது. தமிழை அப்படியே திருப்பினால் பொருள் மாறிவிடும் நான்கு இடங்கள் உண்டு.

முதலாவது, எங்கள் "நாளாக", "வருடமாக". "பத்து வருடமாக இலண்டனில் இருக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலத்தைப் பாவிக்கிறது. அதைத் திருப்பி "ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்" என்கிறோம். ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் பீன் லிவிங்" அல்லது "ஐ ஹாவ் லிவ்ட்" என்று வரவேண்டும். முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு "ஹாவ்" கட்டாயம். "ஐ லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்" என்றால் இப்போது இங்கில்லை என்று பொருள். வயிற்று நோவில் நடந்தது இதுவே.

இரண்டாவது, திகதி சொல்லும் இடம். தமிழில் "2009 இல் வவுனியாவுக்குப் போயிருக்கிறேன்" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஆண்டோ நாளோ சொல்லிவிட்டால் "ஹாவ்" வராது. "ஐ வென்ட் டு வவுனியா இன் 2009" என்பதே சரி. திகதி இன்றி வாழ்நாளில் எப்போதோ போன அனுபவத்தைச் சொல்ல "ஐ ஹாவ் பீன் டு வவுனியா". "ஹி ஹாஸ் கோன் டு வவுனியா" என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை.

மூன்றாவது, மிகவும் கவனிக்க வேண்டியது, எங்கள் "வருவார்கள்". "அந்த நாளில் ஆமிக்காரர் இரவில்தான் வருவார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள்" என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். உருவம் எதிர்காலம், பொருளோ கடந்த காலத்தில் வழக்கமாக நடந்தது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "தே வில் கம் அட் நைட்" என்று எழுதினால், இனிமேல் வரப்போகிறார்கள் என்று ஆகிவிடும். நடந்த கொடுமை நடக்கப்போகும் பயமாக மாறிவிடும். அதே ஆள் வேறோர் இடத்தில் "தே கேம்" என்று சொல்லியிருந்தால் இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும். ஆங்கிலத்தில் இதற்கு உரியது "தே வுட் கம்" அல்லது "தே யூஸ்ட் டு கம்". ஒரே ஒரு முறை வந்திருந்தால் "தே கேம்". வாக்குமூலம் கொடுப்பவரும் மொழிபெயர்ப்பவரும் "ஒருமுறையா, வழக்கமாகவா?" என்பதைத் தமிழிலேயே முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இதனோடு சேர்ந்தது, எது முன்னர் எது பின்னர் என்பது. "நான் வெளிக்கிட முன்னமே தம்பியைப் பிடித்துவிட்டார்கள்" என்பதற்கு "மை பிரதர் ஹாட் பீன் அரெஸ்டட் பிஃபோர் ஐ லெஃப்ட்". கடந்துபோன இரண்டில் முந்தியதற்கு "ஹாட்". அந்தச் சொல் வந்தால், திகதி மறந்துபோனாலும் நிகழ்ச்சிகளின் ஒழுங்கு மறையாது.

நான்காவது, "கூடாது" என்பதும் "தேவையில்லை" என்பதும். "யூ மஸ்ட்" என்றால் கட்டாயம். "யூ ஹாவ் டு" என்றாலும் கட்டாயம். ஆனால் மறுக்கும்போது இரண்டும் பிரிந்துவிடும். "யூ மஸ்ட் நொட் கோ" என்றால் போகக்கூடாது, தடை. "யூ டோன்ட் ஹாவ் டு கோ" என்றால் போகத் தேவையில்லை, உங்கள் விருப்பம். கவுன்சிலிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ கடிதம் வந்தால் முதலில் இந்தச் சொற்களின் கீழ் கோடு போடுங்கள். "மஸ்ட்" என்று இருந்தால் தவறாமல் செய்யவேண்டும். "ஷுட்" என்றால் செய்வது நல்லது, செய்யும்படி எதிர்பார்க்கிறார்கள். "மே" என்றால் செய்யலாம், அல்லது நடக்கக்கூடும்.

பொலிஸ் எச்சரிக்கையில் நான்கு வினைக்குழுக்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைக் கைதுசெய்யும்போது பொலிஸார் ஓர் எச்சரிக்கையைச் சொல்வார்கள். 1994 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தைத் தொடர்ந்து 1995 முதல் இன்றைய வடிவத்தில் அது நடைமுறையில் இருக்கிறது. மூன்றே வசனங்கள்தான். ஆனால் அதன் உயிர் வினைக்குழுக்களிலேயே இருக்கிறது.

"டூ நொட் ஹாவ் டு சே" என்று தொடங்கும். எதுவும் சொல்லத் தேவையில்லை என்பதே பொருள். சொல்லக்கூடாது என்பதல்ல. அடுத்து "மே ஹார்ம்", அதாவது பாதிக்கலாம். பின்னர் நீதிமன்றத்தில் நீங்கள் ஆதாரமாகக் கொள்ளும் ஒன்றை விசாரிக்கும்போது சொல்லாமல் விட்டால், அது உங்கள் எதிர்வாதத்தைப் பாதிக்கலாம். பாதித்தே தீரும் என்றல்ல. மூன்றாவது வசனத்தில் "டூ சே" என்று வரும். அங்கே "டூ" கேள்விக்காக வரவில்லை, அழுத்தத்துக்காக வருகிறது. சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நீங்கள் சொல்லுகின்ற எதுவும் என்பது கருத்து. முடிவில் "மே பி கிவின்". தலைகீழாக வாசியுங்கள், கொடுக்க, பட, லாம். சாட்சியமாகக் கொடுக்கப்படலாம்.

இதை "நான் எதுவும் கதைக்கக்கூடாதாம்" என்று விளங்கிக்கொள்வதும், "எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டுமாம்" என்று விளங்கிக்கொள்வதும் இரண்டும் பிழை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் கட்டணமின்றிக் கிடைக்கும். அகதி விண்ணப்ப நேர்காணலிலும் வைத்தியரிடமும்கூட மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். எந்த வாக்குமூலத்திலும் கையொப்பம் இடுவதற்கு முன் அதைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். வாசிக்கும்போது வினைகளைக் கவனியுங்கள். நடந்தது, நடந்திருந்தது, வழக்கமாக நடந்தது, நடக்கலாம் என்ற நான்கும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் இதே கண்ணாடி

2013 ஒக்டோபர் முதல் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்போரிடம் பேசுவதிலும் கேட்பதிலும் பி1 தர ஆங்கிலம் எதிர்பார்க்கப்படுகிறது. வயது முதலிய காரணங்களால் விலக்கு உண்டு. விதிகள் மாறுவதால் விண்ணப்பிக்க முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தரத்தில் ஒருவர் தன் அனுபவங்களையும் நடந்தவற்றையும் திட்டங்களையும் ஓரளவு கோர்வையாகச் சொல்லவேண்டும். மேலே சொன்ன ஒழுங்கு கைவந்தால் அதில் பாதித் தூரம் போய்விடலாம்.

வீட்டில் அதே இடறல் மறுபக்கமாகவும் நடக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் எமது பிள்ளைகள் "நான் வந்தது", "அம்மம்மா சாப்பிட்டுக்கொண்டு இருக்கு" என்று சொல்கிறார்கள். நாம் சிரிக்கிறோம், சிலவேளை ஏசுகிறோம். ஆங்கிலத்தில் "கேம்" என்ற ஒரே சொல் நான், நீ, அவர், அது எல்லோருக்கும் பொதுவானது. முற்றின் வாலில் ஆளைக் கட்டவேண்டும் என்ற பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? நாம் "டிட் யூ வென்ட்" என்பதும் அவர்கள் "நான் வந்தது" என்பதும் ஒரே வகைப் பிழை. ஒரு மொழியின் முற்றை மற்றதில் தேடுகிறோம்.

ஆகவே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் ஒரு தமிழ் வினையைச் சொல்லுங்கள், "சமைத்துக்கொண்டிருந்தேன்" என்று. பிள்ளை அதைத் துண்டாக்கித் திருப்பட்டும், "வோஸ் குக்கிங்" என்று. பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்ல, நீங்கள் திருப்புங்கள். உங்கள் ஆங்கிலத்தைப் பிள்ளை திருத்தும், பிள்ளையின் தமிழை நீங்கள் திருத்துவீர்கள். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

எங்கள் உறவுக்கார அம்மா இப்போது வைத்தியரிடம் போகும்போது ஒரு துண்டுக் கடதாசி கொண்டுபோகிறார். பேரப்பிள்ளை சொல்லிக்கொடுத்ததைத் தமிழ் எழுத்தில் தானே எழுதி வைத்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் "இன்னும் இருக்குது என்றால் ஹாவ்" என்று இருக்கிறது.